முனிசாமி பாதியில் விட்ட தலை

முனிசாமி பொய் சொல்கிறார். என் முடியை அவர் வெட்டிக்கொண்டிருக்கும்போது நான்தான் எழுந்து ஓடினேன் என்று முப்பது வருஷமாக ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறார். கேட்பவர்கள் என் தலையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். (இப்போது அங்கே வழுக்கைதான் இருக்கிறது. அதற்கும் சிரிக்கிறார்கள்.) நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. குடியாத்தம் பக்கத்திலிருந்து தங்கவயலுக்கு உபாத்தியாயர் படிப்புக்கு வந்திருந்தேன். ரயிலில் அரை நாள்கூட ஆகாது. ஆனால் மைசூர் மகாராஜா சீமை என்பதால் அம்மா என்னைக் கப்பலேற்றி அனுப்புவதுபோல் அழுதாள். நானும் கடிதங்களில் 'இந்தத் தேசத்தில்' என்றுதான் எழுதினேன். அவ்வளவு திமிர்.

படிப்பு முடிய, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் முன்னால் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தேறினால் வேலை. தேறாவிட்டால் இன்னொரு வருஷம் நான் தங்கியிருந்த மாமா வீட்டுக் களி. எனக்கு வந்த பாடம், சுத்தம்.

சுத்தத்தைப் பற்றிப் பேசுகிறவன் குடுமியோடு போவதா? சுரங்க ஆபீஸ் குமாஸ்தாக்கள் எல்லாரும் கிராப்பு. எனக்கும் கிராப்பு வேண்டும் என்று முன்மண்டையைச் சிரைக்காமல் மூன்று மாதம் வளர்த்தேன். அதையும் பாடத்தன்று காலையில்தான் வெட்ட வேண்டும், மெருகு குலையக் கூடாது என்று வைத்திருந்தேன். (முந்தின நாளே வெட்டியிருக்கலாம். அதை என் மனைவி சொல்லியாகிவிட்டது, நீங்கள் வேண்டாம்.)

முனிசாமி சுரங்கத்தில் இறங்கி வேலை செய்கிறவர். ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வேப்பமரத்தடியில் முடி வெட்டுவார். உட்கார்ந்ததும் நுனி செம்பட்டை பாய்ந்த என் குடுமியை ஒரே வெட்டாக வெட்டி, நூலால் கட்டிப் பெட்டிக்குள் வைத்தார்.

"அது எதுக்குண்ணே?"

"இருக்கட்டும் தம்பி. நீ தலையை ஆட்டாத."

பிறகு அவருடைய தங்கச்சி கல்யாணக் கதை. மாப்பிள்ளைக்கு ஊர் பேத்தமங்களா. பந்தலுக்கு மூங்கில் கிடைக்கவில்லை. பெண்ணுக்கு ஜுரத்தில் முடி கொட்டிவிட்டது. பேசும்போது வெட்ட மாட்டார், வெட்டும்போது பேச மாட்டார். வெட்டியது கொஞ்சம். வலது பக்கம் முடியும்போது சுரங்கத்தில் ஷிஃப்டுச் சங்கு ஊதியது. கத்தரிக்கோலை வேட்டியில் துடைத்துப் பெட்டியை மூடினார்.

"எங்கண்ணே போறீங்க?"

"கேஜ் போயிடும் தம்பி. போச்சுன்னா இன்னிக்கு வேலை இல்ல."

"என் தலை?"

"சாயங்காலம் முடிக்கிறேன். அப்படியே வெச்சிரு."

ஊருக்குள் ஓடுகிறவரைத் துரத்திப் பிடிக்கலாம். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கினவரை என்ன செய்வது? வலது பக்கம் கிராப்பு, இடது பக்கம் காதை மூடிய புதர். ஆண்டர்சன்பேட்டைக்கு ஓடினேன். அங்கே கடை வைத்திருந்தவர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னாப்பா இது? கத்தி வெச்சது யாரு?"

"முனிசாமிண்ணன்."

"அப்போ அவன்தான் முடிக்கணும். ஒருத்தன் ஆரம்பிச்ச தலையை இன்னொருத்தன் தொட்டா எங்க ஆளுங்க தள்ளி வெச்சிருவாங்க."

"அவர் சுரங்கத்துக்குள்ள இருக்காருங்க."

"அதுக்கு நான் இன்னா பண்றது? வர்ற வரைக்கும் நிழல்ல உக்காரு."

வீட்டுக்கு ஓடி மாமாவிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தேன். சிரித்த சிரிப்பில் அவர் என் காதை வெட்டப் பார்த்தார். திரும்ப வாங்கிக்கொண்டு, அவருடைய தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு போனேன்.

பாடம் நன்றாகத்தான் போயிற்று. நகம், பல், காது எல்லாம் சொன்னேன். தலைமுடிக்கு வந்தபோது இன்ஸ்பெக்டர் குறுக்கிட்டார்.

"வாயால் சொன்னால் போதாது. உங்கள் தலையிலேயே காட்டுங்கள்."

"ஜலதோஷங்க ஐயா."

"தலைப்பாகையை எடுங்கள்."

எடுத்தேன். பிள்ளைகள் முதலில் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கினாள்.

"சார், இதுல எந்தப் பக்கம் சார் சுத்தம்?"

"வலது பக்கம்" என்றேன். அதற்கப்புறம் அந்த அறையில் பாடம் நடக்கவில்லை. பாடம் சரி, உபாத்தியாயர் அடுத்த வருஷம் வரட்டும் என்று இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போனார். இன்னொரு வருஷம் களி.

சாயங்காலம் முனிசாமி மேலே வந்தார். "அப்படியே வெச்சிருக்கியே, நல்ல பிள்ளை" என்று பாராட்டி மிச்சத்தை வெட்டினார்.

இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது பாதியில் விட்டால், சோறு தின்கிற தட்டாக இருந்தாலும், "இன்னாப்பா, கேஜ் போயிடுமா?" என்கிறார்கள் பிள்ளைகள். அதைப் பொறுத்துக்கொள்வேன். ஓடினேன் என்பதைப் பொறுக்க மாட்டேன். சங்கு ஊதியபோது திடுக்கிட்டு எழுந்து நின்றேன், ஒப்புக்கொள்கிறேன். நிற்பது வேறு, ஓடுவது வேறு.

அதைக்கூட விட்டுவிடலாம். முடி வெட்டின அடுத்த வாரம் அவர் தங்கச்சி கல்யாணத்துக்குப் போனேன். ஜுரத்தில் முடி கொட்டின பெண்ணுக்கு முதுகில் தொங்கியது ஒரு பின்னல். நுனியில் செம்பட்டை. முனிசாமி ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரட்டும். எல்லார் முன்னாலும் ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும்: அந்தச் சவுரி யார் குடுமி?