நடுவில் உருவிய அட்டைகள்

கையால் தடவிப் பார்க்காமல் எங்கள் வீட்டில் ஒரு கர்ச்சீப்கூட வாங்கியதில்லை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தி. நகரில் ஜவுளிக்கடை போட்ட குடும்பம். கல்லூரியை மட்டும் வேறு எப்படித் தேர்ந்தெடுப்போம்?

எழுபதுகளின் கடைசி. எனக்கு இரண்டு இடங்களில் சீட் கிடைத்திருந்தது. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணிதம். அடையாறு தாண்டி ஒரு கல்லூரியில் புதிதாகத் தொடங்கிய கம்ப்யூட்டர் பட்டப்படிப்பு. எனக்கு இரண்டாவதன் மேல்தான் கண். (கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று தெரியாது. எங்கள் தெருவில் வேறு யாருக்கும் தெரியாது என்பதே போதுமானதாக இருந்தது.) பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று சித்தப்பாக்கள் முகம் சுளித்தார்கள். அப்பா மட்டும், "ஒரு எட்டு போய்ப் பாப்போம்மா. ஒனக்குப் புடிச்சா நானே தெனமும் கொண்டு விடுதேன்" என்றார்.

போனோம். கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஒரே குளிர். பீரோ பீரோவாக நின்ற இயந்திரத்தைப் பேராசிரியர் அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் மேஜையருகே நின்றேன். அதன்மேல் ஒரு கட்டு அட்டைகள்.

துணிக்கட்டில் மேலே இருப்பது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், பழுது நடுவில்தான் ஒளிந்திருக்கும் என்பது எங்கள் கடையில் பாலபாடம். ஆகவே நடுவிலிருந்து ஒரு கொத்து அட்டைகளை உருவினேன். விரலால் கனம் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன். உருவியதையெல்லாம் கட்டின் மேலே வைத்து, ஓரம் தட்டி அழகாகவும் அடுக்கினேன்.

ஒரு மாணவர் வந்து கட்டை எடுத்து இயந்திரத்துக்குக் கொடுத்தார். வெளியே வந்த காகிதத்தைப் பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது. யாராவது அட்டையில் கை வைத்தீர்களா என்று பேராசிரியர் கேட்டார்.

நான் பெருமையாக முன்னால் வந்தேன். "நான்தான் சார். நடுவுல எடுத்துப் பாத்தேன். எல்லாம் ஒரே ஓட்டையா இருக்கு."

இயந்திரத்துக்கு இடும் கட்டளைகளே அந்த ஓட்டைகள்தாம் என்றும், வரிசை ஒன்று மாறினாலும் போச்சு என்றும் அப்புறம்தான் தெரிந்தது. பல வார உழைப்பாம். அந்த மாணவர் தரையில் உட்கார்ந்து அட்டைகளைப் பரப்பத் தொடங்கினார். பேராசிரியர் சிரித்துவிட்டு, "பரவால்லம்மா. சேர்றதுக்கு முன்னாடியே மொதல் பாடம் ஆயிடுச்சு. ஜூலைல வந்துடுங்க" என்றார்.

அவர் திட்டியிருந்தால் அழுது தீர்த்துவிட்டுச் சேர்ந்திருப்பேன். அந்த மாணவர் முகத்தில் தினமும் எப்படி விழிப்பது? பஸ்ஸில் வரும்போதே அப்பாவிடம், எனக்குக் கணிதமே போதும், அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. நானாகத்தான் ஓடி வந்தேன். ஒரு பிற்பகல் வெட்கத்துக்காக ஆசைப்பட்ட படிப்பை விட்டேனே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. அந்த மாணவர் ஒரு வாரத்தில் என்னை மறந்திருப்பார்.

சித்தப்பாக்கள் வந்து விசாரித்தபோது அப்பா அட்டை விஷயத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. "எம்புள்ள நேர்ல பாத்துட்டுத்தான் வேண்டாம்னுச்சு. அங்க சரக்கு சரியில்ல" என்றார். கடைசிவரை யார் கேட்டாலும் அதே பதில்தான். இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பாதிப்பேர் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் சம்பள உயர்வைச் சொல்ல வரும்போது, "சரக்கு சரியில்லாத தொழில்தான் அத்தை, என்ன பண்றது" என்று என்னைச் சீண்டுவார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

அப்பா வாய் கூசாமல் குறை சொன்ன நல்ல சரக்கு அது ஒன்றுதான், எனக்காக.