காருக்கு வெந்நீர் வைத்த கேத்தில் நானா

இலங்கையில் காரை வெந்நீரில் குளிப்பாட்டிய ஒரே மனிதர் கண்டக்குழியில் எங்கள் தெருவில்தான் இருந்தார். மறுப்பவர்கள் இன்னொருவரைக் கொண்டுவந்து காட்டட்டும். குளிப்பாட்டினார் என்று நான் சொல்வது கொஞ்சம் கூடுதல்தான். எஞ்சினுக்குள் பெற்றோல் போகும் குழாயின் மேல் ஒரு கேத்தில் வெந்நீரை மெல்ல ஊற்றுவார், அவ்வளவுதான். அதனால் ஊர் அவருக்குக் கேத்தில் நானா என்று பெயர் வைத்தது; அண்ணனை நாங்கள் நானா என்போம். வாப்பா, உம்மா வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

வாடகைக்கு ஓடிய அவருடைய கார் என்னைவிட மூத்தது. டிசம்பர் பிறந்ததும் அதற்குப் போர்வை போர்த்துவார். எங்கள் கடற்கரையில் குளிர் என்றால் மின்விசிறியை மூன்றிலிருந்து ஒன்றுக்குக் குறைப்போம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நானாவோ நுவரெலியா மலைக்குளிரில் குடியிருப்பவர்போல நடந்துகொள்வார். விடியற்காலைச் சுபஹு பாங்குக்குக் கால் மணி நேரம் முன்பே எழும்பி, கேத்திலை ஊற்றிக் காலி செய்து, சாவியைத் திருப்புவார். கார் இருமும், விக்கும், உடம்பெல்லாம் உதறும், கறுப்பாகப் புகை கக்கும். ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். ஹயர் ஓட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பனிக்காலத்தில் ஒரு நாளும் தவறாது.

ஏன் இப்படி என்று கேட்டவன் கெட்டான். நானும் ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"பெற்றோல் தண்ணியா இருந்தாப் பத்தாது டீச்சர், ஆவியாகணும். குளிர்ல அது ஆவியாகாம துளித்துளியாக் குழாய்ல ஒட்டிக்கிடும். பாதி பத்தும், பாதி பத்தாது. ஒயிலும் தடிச்சிரும், பெட்டரியும் சோந்திரும். அப்ப எஞ்சின் உதறாம என்ன செய்யும்?"

அதற்குத்தான் சோக் என்ற குமிழை இழுத்து, காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்ட வேண்டும், சூடேறியதும் குமிழை உள்ளே தள்ள வேண்டும் என்று முடிப்பார். சோற்றுக்குக் கூப்பிட்டாலும் நடுவில் நிறுத்தமாட்டார்.

ஒருமுறை நிக்காஹ்வுக்குப் புறப்பட்ட மாப்பிள்ளையைக் காருக்குள் உட்காரவைத்துவிட்டு, எஞ்சின் சூடாகட்டும் என்று காத்திருந்தார். எஞ்சினுக்கு முன்பே மாப்பிள்ளை சூடாகி, இறங்கி, மச்சானின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நானா வெறுங்காரோடு பின்னாலேயே போய், வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டு வந்தார். இன்னொரு முறை விடுதிக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர், தன் நாட்டுப் பனியிலும் பழைய கார்கள் இப்படித்தான் அடம்பிடிக்கும் என்று சொல்லிவிட்டார். பிறகு ஒரு மாதம் நானாவின் கால் தரையில் படவில்லை.

ஊரே பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த காலத்திலும் அந்த ஐந்து நிமிடத்தை அவர் விடவில்லை. ஏசாத ஆள் இல்லை. திடீரென்று யாருக்காவது ஆஸ்பத்திரிக்குப் போக வந்தால் என்ன செய்வது என்று திருப்பிக் கேட்பார். நாங்கள் சிரிப்போம்.

அப்போது என் வாப்பா இருதய நோயோடு என் வீட்டில் இருந்தார். இரவெல்லாம் நித்திரையில்லாமல் புரளுவார். விடியப்போகும் நேரத்தில் பார்த்துத்தான் கார் இருமத் தொடங்கும். பொறுத்துப் பார்த்தேன். பிறகு டீச்சர் புத்தியைக் காட்டினேன். பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு ஒரு பக்கத்தில் முறைப்பாடு எழுதி, தெருவில் பதினொரு கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தேன்.

நானா சுபஹுத் தொழுகை முடியும்வரை காரைத் தொடுவதில்லை என்று பள்ளிவாசலில் வைத்தே வாக்குக் கொடுத்துவிட்டார். மறுநாள் என்னைப் பாதையில் கண்டபோது, "கடிதம் நல்லா எழுதியிருந்தீங்க டீச்சர், ஒரு பிழை இல்ல," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குக் குத்தியது.

ஒரு கிழமை தெரு அமைதியாகக் கிடந்தது. எட்டாம் நாள் காலையில் வாப்பா என்னைக் கூப்பிட்டார்.

"கேத்திலுக்கு என்ன வருத்தமா மகள்? சத்தத்தக் காணல்ல."

அந்தச் சத்தம் கேட்டால்தான் இன்னொரு இரவைத் தாண்டிவிட்டோம் என்று மனம் ஆறும், அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கண் அயரும் என்றார். யாருடைய நித்திரைக்காகக் கடிதம் எழுதினேனோ, அவரைத் தூங்கவைத்ததே அந்தக் கார்தான். நாளைக்கு நானாவிடம் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் பாங்குக்குச் சற்று முன்பு வாப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. வழக்கமாகக் கார் சூடாகி நிற்கும் நேரம் அது. தெருவில் இருந்த ஒரே ஆட்டோவும் மீன் ஏற்றப் போயிருந்தது. நான் போய்க் கதவைத் தட்டியதும் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். அடுப்புப் பற்றவைத்திருக்கவில்லை, கேத்திலில் பச்சைத் தண்ணீர்தான் இருந்தது. சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இரண்டு உதறு உதறிவிட்டு நின்றது. மறுபடியும் அதேதான். வாப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறாவது தடவையில் பிடித்தது. பள்ளிவாசல் வளைவில் திரும்பவும் நின்றுபோனது. தொழ வந்தவர்கள் தள்ளிக் கிளப்பிவிட்டார்கள். என் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட பதினொரு பேரில் நால்வரும் அவர்களில் இருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையில் பாலாவியைத் தாண்டுவதற்குள் வாப்பாவின் கை என் கைக்குள் கனத்துவிட்டது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டொக்டரிடம் நான் கேட்கவில்லை. இன்றுவரை யாரிடமும் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஜனாஸாவுக்கு வந்தவர்களிடமெல்லாம் நானா, "என்ட காராலதான் பிந்திச்சு," என்று சொல்லிச் சொல்லி அழுதார். கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. அதைவிடக் கேவலமான காரியம் எதையும் நான் செய்ததில்லை.

நாற்பது நாள் கழித்து நிர்வாகத்துக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். முறைப்பாடு என் பிழை, நானாவை அவருடைய வாக்கிலிருந்து விடுவியுங்கள் என்று கேட்டிருந்தேன். இந்தமுறை கையெழுத்து என்னுடையது மட்டும். அனுமதி கிடைத்த மறுநாள் விடியுமுன் என் வீட்டு அடுப்பில் ஒரு கேத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

"வாப்பா ஒங்கட கார்ச் சத்தத்தக் கேட்டுட்டுத்தான் தூங்குவார் நானா. அது தெரிஞ்ச பொறகும் நான் ஒங்களிட்ட சொல்லல்ல."

நானா என் கையிலிருந்து கேத்திலை வாங்கினார். எஞ்சின் மூடியைத் திறந்தார்.

"வாப்பாவ அடக்கின மையவாடி கிட்டத்தானே டீச்சர்," என்றார். "இண்டைக்குக் கொஞ்சம் கூடுதலா இரும விடுவம்."

அன்று கார் பத்து நிமிடம் இருமியது. தெருவில் யாரும் ஏசவில்லை.

நானாவும் மௌத்தாகி இரண்டு பனிக்காலம் போய்விட்டது. காரை மகன் விற்றுவிட்டார். அவருடைய கேத்திலை நானாவின் மனைவி எனக்குத் தந்தார். டிசம்பர் வந்தால் பாங்குக்குக் கால் மணி நேரம் முன்பு தானாகவே விழிப்பு வந்துவிடுகிறது. எழும்பி அந்தக் கேத்திலில் தண்ணீர் வைக்கிறேன். ஊற்றுவதற்குக் கார் இல்லாததால் பிளேன்டீ போட்டு, வாசலில் நின்று அவர் வீட்டுப் பக்கம் பார்த்தபடி குடிக்கிறேன்.