இன்னும் ரெண்டு அங்குலம்

ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் மட்டும்தான் டயர் உரசியது. நேராகப் போனால் சத்தமே இல்லை. ஆனால் வீட்டுக்குத் தெருமுனையில் திரும்பித்தான் போக வேண்டும்.

லிஃப்ட்காரர் வண்டியை நிறுத்தி, இறங்கி, குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்தார். புது டயரின் விளிம்பு மட்கார்டின் உட்பக்கத்தைச் சுரண்டியிருந்தது.

"என்னங்க ஆச்சு?" என்றார் அவர் மனைவியான டீச்சர், உள்ளே உட்கார்ந்தபடியே.

"ஒண்ணுமில்ல. டயர் கொஞ்சம் பெருசு. வண்டியை ரெண்டு அங்குலம் தூக்கிட்டா சரியாயிடும்."

டீச்சர் மடியில் இருந்த விடைத்தாள் கட்டைப் பிரித்துத் திருத்த ஆரம்பித்தார். இந்த வண்டியில் ஏறினால் திருத்த ஏதாவது எடுத்துக்கொண்டு ஏற வேண்டும் என்று அதற்குள் அவருக்குப் பழகிப்போயிருந்தது.

லிஃப்ட்காரர் லிஃப்ட் ஓட்டுபவர் அல்ல, லிஃப்டைப் பரிசோதிப்பவர். தெருவில் எல்லோரும் லிஃப்ட்காரர் என்றே கூப்பிட்டார்கள், அவரும் திருத்தவில்லை. எட்டுப் பேர் ஏறும் லிஃப்டில் பத்துப் பேரின் எடையை ஏற்றி, நடுவழியில் நிறுத்தி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். காலையிலிருந்து மாலைவரை மேலேயும் கீழேயும் போய்வருகிற உத்தியோகம். இருபது வருஷமாகப் பயணம் செய்தும் எங்கேயும் போய்ச் சேர்ந்ததில்லை.

போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள் ஓர் ஏரி. பனிக்காலத்தில் தூரதேசப் பறவைகள் அங்கே வந்து இறங்கும். டீச்சர் பள்ளியில் உயிரியல் நடத்துபவர். கல்யாணமான புதிதில், "நேர்ல பாக்காத பறவைக்குப் படம் வரைஞ்சு பாகம் குறிச்சிட்டிருக்கேன்" என்று ஒருநாள் சொன்னார். கூட்டிப்போகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்தார். ஏரிக்கு முன்னால் கடைசிக் கொஞ்ச தூரம் சாலை கிடையாது, மண் தடம்தான், நடுவில் இரண்டு ஓடை. அதனால் வாக்கு நிறைவேறுவதற்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று தேவைப்பட்டது.

நாலு சக்கரமும் இழுப்பது என்றால் என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. சாதாரண வண்டியில் இரண்டு சக்கரம் உழைக்கும், இரண்டு சக்கரம் கூடவே வரும். உழைக்கிற சக்கரம் சேற்றில் வழுக்கினால் கூட வருபவை வேடிக்கை பார்க்கும். இந்த மாதிரி வண்டியில் ஒரு லீவரைத் தள்ளினால் வேடிக்கை பார்ப்பவையும் உழைக்க ஆரம்பித்துவிடும். குடும்பங்களில் இப்படி ஒரு லீவர் கிடையாது.

போன வருஷம் அப்படி ஒரு பழைய வண்டி கிடைத்தது. சாம்பல் நிறம். இடது பக்க முன்கதவு மட்டும் பச்சை. விற்றவர் எங்கேயோ இடித்துவிட்டு வேறொரு வண்டியின் கதவைப் பொருத்தியிருந்தார். லிஃப்ட்காரர் ஒரு மணி நேரம் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். வாங்கிய வாரமே ஆபீஸில் பயிற்சி என்று வெளியூர் அனுப்பினார்கள். சாவியை டீச்சரிடம் கொடுத்து, தினமும் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்து மறுபடியும் அடியில் படுத்துப் பார்த்தபோது அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மட்கார்டுக்குள்ளே, ஷாஃப்டின் மேலே, சைலன்சரின் இடுக்கில் எல்லாம் காய்ந்த செம்மண்.

வாங்கும்போது இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? மண்ணே கண்ணில் படவில்லை என்றால் வேறு என்னென்ன விட்டுப்போயிருக்கும்? அன்றிலிருந்து அவருக்கு அந்த வண்டிமேல் நம்பிக்கை போயிற்று, தன் கண்மேலும் போயிற்று.

"இந்த நிலையில இதை ஏரிக்குக் கொண்டுபோனா, முதல் ஓடையிலயே படுத்துக்கும்" என்றார், கையிலிருந்த மண்ணைக் காட்டி.

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீ பயப்படாத. முதல்ல டயரை மாத்திடறேன். அப்புறம் நாம ரெண்டு பேரும் சேர்ந்து முதல் தடவையா அந்த ஏரியைப் பாக்கறோம்."

டீச்சர் எடுத்த வாயை மூடிக்கொண்டார். பறவைகள் அந்த வருஷம் வந்து, இருந்து, கிளம்பிப் போயின.

டயர் அப்படித்தான் வந்தது. இரண்டு அங்குலம் உயரமான டயர் போட்டால் வண்டியின் அடிப்பகுதி இரண்டு அங்குலம் உயரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உயராது. சக்கரத்தின் நடுவில்தான் அச்சு இருக்கிறது, ஆகவே பாதிதான் உயரும். மீதிப் பாதி மேலே போய் மட்கார்டில் உரசும்.

மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பேனர் என்பார்கள். உயரமான ஸ்பிரிங் போட்டு வண்டியை அவர் தூக்கிக் கொடுத்தார். உரசல் நின்றது. அதற்குப் பதில் வேகமெடுத்தால் வண்டி முழுக்க நடுங்க ஆரம்பித்தது. டீச்சரின் சிவப்புப் பேனா ஒரு மாணவனின் விடையைத் தானாகவே அடித்துவிட்டது.

ஸ்பேனர் காரணத்தை விளக்கினார். இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்கு எடுத்துப்போகிற நீளமான ஷாஃப்ட் ஓரளவு சரிவைத்தான் தாங்கும். வண்டியைத் தூக்கியதில் சரிவு அதிகமாகிவிட்டது. சரிவு அதிகமானால் மூட்டில் சுழற்சி ஒரே சீராக இருக்காது, விந்தி விந்தி வரும்.

"அதுக்கு என்ன பண்றது?"

"கியர்பாக்ஸைக் கொஞ்சம் கீழ இறக்கணும் அண்ணே."

"தூக்கினதே அடியில இடிக்கக் கூடாதுன்னுதானே?"

"ஆமா. இறக்கறது ஆட்டம் நிக்கறதுக்கு. ரெண்டும் வேற வேற விஷயம்."

இறக்கினார்கள். ஆட்டம் நின்றது. தூக்கியதில் பாதி போனது.

அடுத்த வாரம் போக்குவரத்துக் காவலர் ஒருவர் மறித்து வேகமாக வந்ததாகச் சொன்னார். லிஃப்ட்காரர் மீட்டரைக் காட்டினார். முள் மிதமான வேகத்தில்தான் இருந்ததென்று சொன்னார். பிறகு அவரே யோசித்து, தவறு எங்கே என்று கண்டுபிடித்து, சந்தோஷத்தோடு காவலருக்கு விளக்கவும் செய்தார். மீட்டர் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்றுதான் எண்ணுகிறது. சக்கரம் பெரிதானால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கூடுதல் தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது. ஆகவே காட்டுவதைவிட வண்டி வேகமாகத்தான் வந்திருக்கிறது, நீங்கள் பிடித்தது மிகச் சரி.

காவலர் பணியில் சேர்ந்த நாளிலிருந்து தன் குற்றத்தைத் தானே படம் போட்டு நிரூபித்த ஒருவரைப் பார்த்ததில்லை. அபராதம் எழுதிவிட்டு நன்றி சொன்னார்.

பிறகு முன்பக்கம் இரும்புக் கம்பி பம்பர் வந்தது. பம்பர் இருக்கும்போது சேற்றிலிருந்து வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொள்கிற வின்ச் இல்லாமலா? வின்ச் வந்தது. இரண்டின் எடையில் வண்டி மூக்கு தாழ்ந்து, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி ஆயிற்று. முன்பக்கத்துக்கு இன்னும் கடினமான ஸ்பிரிங் போட்டார்கள். இப்போது மூக்கு நிமிர்ந்தது, ஆனால் வேகத்தடையில் ஏறினால் முதுகெலும்பின் கணுக்களைத் தனித்தனியாக எண்ண முடிந்தது.

வண்டி உயர்ந்துபோனதில் டீச்சரால் ஏற முடியவில்லை. முன்பு அவரும் ஓட்டுவார், கடைக்கும் பள்ளிக்கும் எடுத்துப்போவார். இப்போது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுத்தான் ஏறினார். ஏறியபின் அந்த ஸ்டூலை யார் எடுத்து உள்ளே வைப்பது என்று ஒரு பிரச்சினை வந்தது. லிஃப்ட்காரர் அதில் கயிறு கட்டினார். ஏறி உட்கார்ந்து கயிற்றை இழுத்தால் ஸ்டூல் தானாக மேலே வந்துவிடும். எத்தனையோ செலவில் செய்த வேலைகளில் முதல் தடவையே ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான்.

கடைசியாகக் கூரையில் கேரியர், அதன்மேல் மடக்குக் கூடாரம். அதைப் பொருத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அடுக்குமாடியின் கீழ்த்தள வண்டி நிறுத்தத்துக்குள் வண்டி நுழையவில்லை. மேலே உத்தரம் இடித்தது. வண்டி தெருவில் நின்றது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் மேலே வந்து, கீழே நிற்பது வீடா வண்டியா என்று விசாரித்தார். வீடென்றால் அதற்கும் பராமரிப்புச் சந்தா உண்டாம்.

லிஃப்ட்காரருக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அவரை உறுத்தியது வேறு. அந்த ஏரியைப் பற்றி டீச்சர் இப்போதெல்லாம் பேசுவதே இல்லை. முன்பு வருஷம் தவறாமல் கேட்டவர், வண்டி வாங்கிய பிறகு ஒரு தடவைகூட எப்போது போகலாம் என்று கேட்கவில்லை. கோபப்பட்டாலாவது தேவலை. அவருடைய முகத்தில் கோபமும் இல்லை, ஏக்கமும் இல்லை, ஒரு அலுப்பு மட்டும் இருந்தது. மனுஷி நம்பிக்கையையே விட்டுவிட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. இதற்கு நடுவில் பதவி உயர்வும் வந்தது. வரும் கல்வியாண்டில் டீச்சர் வேறு ஊரில் தலைமை ஆசிரியை. அங்கிருந்து ஏரி எட்டாத தூரம். பறவைகள் இந்தத் தடவை கிளம்பிவிட்டால், வாக்கும் அதோடு பறந்துவிடும்.

"இந்த ஞாயித்துக்கிழமை போறோம்" என்றார் ஒருநாள்.

டீச்சர் திருத்துவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "வண்டி ரெடியா?"

"இன்னும் ஒண்ணு ரெண்டு வேலை இருக்கு. பரவாயில்ல."

லிஃப்ட்காரர் வாழ்க்கையில் சோதனை முடிக்காமல் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு விடியற்காலை கிளம்பினார்கள். வண்டியின் எடைக்கு மலை ஏறுவது பெரும்பாடாக இருந்தது. பின்னால் வந்த பால் வண்டி, காய்கறி வண்டி, ஒரு சைக்கிள்காரர் எல்லோருக்கும் ஒதுங்கி வழிவிட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இறங்கியதும் ஒரு பிரிவு வந்தது.

"இடது பக்கம் போங்க" என்றார் டீச்சர், விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

லிஃப்ட்காரர் இடது பக்கம் திருப்பினார். கொஞ்ச தூரம் போனபிறகுதான் ஏரிக்குப் போகும் வழி என்ற பலகை வந்தது. மனைவி வரைபடத்தையாவது பார்த்து வைத்திருக்கிறாளே என்று அவருக்கு மனம் கனிந்தது. உள்ளுக்குள் ஆசை இன்னும் மிச்சம் இருக்கிறது.

காட்டின் வாசலில் சோதனைச் சாவடி. மரம் ஏற்றிய லாரிகள் உள்ளே போய்வரக் கூடாது என்று வழியின் குறுக்கே, தலைக்கு மேலே, ஒரு இரும்புக் குழாயைப் பொருத்தியிருந்தார்கள். காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்துவந்து வண்டியை அண்ணாந்து பார்த்தார், குழாயைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

கூடாரத்தைக் கழற்றினார் லிஃப்ட்காரர். அதற்கே வெயில் ஏறிவிட்டது. போதவில்லை. கேரியரைக் கழற்றினார். ஒரு போல்ட் துருப்பிடித்து அடம்பிடித்தது, கை சிராய்த்தது. அதுவும் போதவில்லை.

டீச்சர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. வெயில் என்று புடவைத் தலைப்பை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார். "திரும்பிப் போயிடலாமாங்க?" என்று மட்டும் ஒருதடவை சன்னமாகக் கேட்டார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு, உனக்கு ஏரியைக் காட்டாம நான் திரும்ப மாட்டேன்."

நாலு டயரிலும் காற்றைப் பாதி இறக்கினார். வண்டி ஒரு விரற்கடை தாழ்ந்தது. காவலாளி கையிலிருந்த குச்சியால் அளந்தார்.

"இன்னும் ரெண்டு அங்குலம் சார்."

லிஃப்ட்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஏரி குழாய்க்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் இருந்தது. யானைக் காடு, நடந்து போக யாரையும் விட மாட்டார்கள். எங்கேயோ மரங்களுக்குப் பின்னாலிருந்து பறவைகளின் சத்தம்கூடக் கேட்டது. அந்த இரண்டு அங்குலம் எங்கேயிருந்து வந்தது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். ஸ்பிரிங்கில் கொஞ்சம், டயரில் கொஞ்சம். சொந்தக் கையால் ஏற்றி வைத்தது.

"ஒண்ணும் மாட்டாம வந்திருந்தா நுழைஞ்சிருக்கும்" என்றார் களைப்போடு. "ஆனா ஒண்ணும் மாட்டாத வண்டி இந்தத் தடத்துல ஓடையைத் தாண்டாதுங்க. அதுதான் சிக்கலே. உங்களுக்கே தெரியும்."

காவலாளி, வண்டி வந்ததிலிருந்து அந்தப் பச்சைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. கயிறு கட்டிய ஸ்டூல் மெல்லக் கீழே இறங்கியது. அதில் கால் வைத்து டீச்சர் இறங்கினார், முகத்திலிருந்து தலைப்பை எடுத்துவிட்டு, கணவரைப் பார்த்து, "நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

அதற்குள் காவலாளியின் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நீங்கதானாம்மா, போன வருஷம் இதே பச்சைக் கதவு வண்டியை நீங்களே ஓட்டிட்டு வந்து, ரெண்டு ஓடையையும் தாண்டி, உங்க தங்கச்சிக்கு ஏரியைக் காட்டிட்டு மதியச் சாப்பாட்டுக்குள்ள திரும்பிட்டீங்களே, இப்ப எதுக்கும்மா இவ்வளவு சாமான்?"