ஓதம் ஏறாத வரைபடம்

“மாமா, உங்க படத்துல தண்ணி ஏறுமா?”

சதுப்புநாட்டுக் கழிமுகத்தில் ஒரு சிறுமி இப்படிக் கேட்டபோது, அரண்மனை நில அளவர் மாறவேள் சிரித்தார். கால் நனையாமல் அளந்து முடிக்க வேண்டும் என்பது அமைச்சரின் உத்தரவு. ஆகவே கடல் வற்றிக் கிடந்த வேளைகளில் மட்டுமே அளவுச் சங்கிலி பிடித்தார். படத்தில் எல்லாமே தரையாயிற்று.

கடைசி நாள் அவரே சேற்றில் இடுப்புவரை புதைந்தார். சிறுமியின் தாய் சிப்பியம்மை படகுக் கோலை நீட்டி இழுத்துப்போட்டாள். அவர் கைகூப்பினார்.

“அட, கும்பிடாதீங்க ஐயா. சேத்துலேர்ந்து தூக்குனவங்களுக்கு நன்றி சொல்றது எங்க பக்கம் வழக்கமில்ல. என்னைக்காச்சும் எம்படகு தரை தட்டுனா ஒரு தள்ளு தள்ளிவிடுங்க. சரியாப் போயிரும்.”

படத்தைக் கண்டு மன்னர் மகிழ்ந்தார். தரையில் படகு ஓட்டுவது குற்றம் என்று ஆணை பிறந்தது. மக்கள் கழுத்தளவு நீரில் சந்தைக்கு நடந்தார்கள். ஈர உடையோடு திரிவது அரசாங்கப் படத்துக்கு அவதூறு என்று மறு ஆணை வந்தது. உலர்ந்த வேட்டியைத் தலையில் சுமந்து நடந்தார்கள்.

“நாள்தோறும் கடல் உள்ளே வருகிறதாமே?” என்றார் மன்னர்.

“வருகிறது, பெருமானே. ஆனால் அனுமதியின்றி,” என்றார் அமைச்சர்.

பௌர்ணமியன்று படகுகளையெல்லாம் எரிப்பதென்று முடிவாயிற்று. படகு போனால் சிப்பியம்மை வீட்டில் உலை ஏறாது. மாறவேள் அமைச்சரிடம் ஓடினார்.

“ஐயா, தவறு என்னுடையது. திருத்திவிடுகிறேன்.”

“அரசாங்கப் படத்தில் தவறா? திருத்தம் என்று சொல்வதே துரோகம். போய் வண்ணம் தீட்டி மெருகேற்று!”

மாறவேள் இறைவனை நினைத்து, தூரிகையை நீலத்தில் தோய்த்தார்.

சபையில் படம் விரிந்தபோது ஓடைகள் மின்னின. நேற்றுவரை தரையாயிற்றே என்று எவரும் கேட்கவில்லை. கேட்டால் படம் தவறென்றாகிவிடும். அமைச்சர் ஒரு கணம் விழித்தார். பிறகு முழங்கினார்: “நம் மன்னர் நாட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்!”

படகுகள் பிழைத்தன. பௌர்ணமியன்று கழிமுகத்தில் நன்றி விழா நடந்தது.

“ஏண்டி, கடலு நேத்தும் இருந்துச்சே?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“கையைத் தட்டுடி. படகு ஓடுதுல்ல?” என்றாள் சிப்பியம்மை.

எல்லோர் முகமும் மேடையை நோக்கியிருக்க, அவர்கள் முதுகுக்குப் பின்னால் கடல் வழக்கம்போல், அனுமதியின்றி, வற்றத் தொடங்கியது. சிப்பியம்மையின் படகு தரை தட்டிச் சாய்ந்தது. மாறவேள் சேற்றில் இறங்கி, தோள்கொடுத்து அதை ஆழத்துக்குத் தள்ளினார். யாரும் பார்க்கவில்லை.

இந்த முறை அவர் தாமாகவே கால் நனைத்திருந்தார்.