விசிறி இல்லாத இன்ஜின்

“உள்ள ஒண்ணுமே இல்லையே, இது எப்படிப் பறக்கும்?” என்று அய்யம்பெருமாள் மஞ்சுவிடம் கேட்டார்.

பெரம்பலூரில் அவருக்குப் பட்டறை. மக்காச்சோளம் அடிக்கும் மிஷின் செய்வதில் பேர் எடுத்தவர். மஞ்சு அவருடைய அக்காள் மகள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், வெல்டிங்கில் கெட்டி. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் படம் கொடுத்து, அதிவேக விமான இன்ஜினின் மாதிரியைத் தகட்டில் செய்யச் சொல்லியிருந்தார். சரியாக வந்தால் கல்லூரிப் பட்டறையில் அவளுக்கு வேலை.

“விசிறி வேணாம் மாமா, சார் சொன்னாரு. சத்தத்தை விட அஞ்சு மடங்கு வேகமா போவுது. அந்த வேகத்துல காத்து தானா முட்டிக்கிட்டு உள்ள வரும். வழி குறுகக் குறுக நசுங்கிச் சூடாவும். அதுல எரிபொருளை விட்டா பத்திக்கிட்டு பின்னாடி சீறும். சுத்துற சாமானே கிடையாது!”

சொல்லும்போதே அவளுக்குப் புல்லரித்தது. வெறும் குழாய், அதன் வடிவமே இன்ஜின்!

“விசிறி இல்லாம எம்பட்டறையிலேர்ந்து ஒரு மிஷினும் வெளிய போனதில்ல” என்றார் அவர்.

அவள் அரியலூர் போய் வெல்டிங் கேஸ் சிலிண்டர் மாற்றி வருவதற்குள், சோள மிஷின் விசிறியை நாலு போல்ட் போட்டு உள்ளே முடுக்கிவிட்டார்.

“மாமா!”

“காத்து வாங்கட்டும் புள்ள.”

விசிறியைக் கழற்றினாள். நாலு ஓட்டை மிஞ்சியது. வெல்டிங் வைத்து அடைத்தாள். மெல்லிய தகடு சூட்டில் உள்பக்கம் புடைத்துக்கொண்டது.

“தள்ளு, நான் தட்டி விடறேன்.”

“ஐயோ, மெதுவா...”

சுத்தியலால் உள்ளேயிருந்து ஒரே போடு. புடைப்பு பள்ளமாகிவிட்டது. பேராசிரியர் வர ஒரு மணி நேரம்தான் இருந்தது.

“பட்டி பார்த்து மூடிடு.”

மஞ்சு பள்ளத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். “வேணாம் மாமா. இருக்கட்டும்.” அரத்தை எடுத்து அதன் விளிம்பை ஒழுங்காகத் தேய்க்கத் தொடங்கினாள்.

“பைத்தியமா புடிச்சிருக்கு? வேலை போயிடும்டி!”

பேராசிரியர் வந்தார், கூடவே மாணவி பிரவீணா. குழாய்க்குள் போன அவர் விரல் பள்ளத்தில் நின்றது.

“படத்துல இது இல்லையே?”

அய்யம்பெருமாள் முந்திக்கொண்டார். “என் கை இதுல படவே இல்லீங்க சார்! மூடச் சொன்னேன், கேக்கல. ஆரம்பத்துலேர்ந்து எல்லாம் இவ வேலைதான்!”

“ஏம்மா மூடல?”

மஞ்சு தரையைப் பார்த்தாள். “அவ்வளவு வேகமா காத்து போனா தீ அணைஞ்சிடும்ல சார்? ஒதுங்கி நின்னு எரிய ஒரு எடம் வேணாமா?”

பேராசிரியர் படத்தை விரித்தார். பிரவீணா எட்டிப் பார்த்தாள்.

“சார், தீ நிக்கிற பள்ளம்! புத்தகத்துல இருக்கு, நாமதான் வரைய விட்டுட்டோம். இந்த அக்காவுக்கே வேலையைக் குடுத்துடுங்க சார், எங்களுக்குப் பாடமும் நடத்துவாங்க!”

அய்யம்பெருமாள் செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தப் பள்ளத்தைப் போட்ட சுத்தியலோடு வெளியே போனார்.