பதினேழாவது ‘அப்புறம்?’

“அப்புறம்?” என்றார் அப்பா.

ஷீலா கோயில் காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் இன்னொரு கோடு போட்டாள். பதினாறு ஆகியிருந்தது. பேச ஆரம்பித்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

“அப்புறம் ஒண்ணும் இல்லப்பா. ஷாப்ல புது மிஷின் வந்திருக்கு. அந்தச் சத்தத்துல எனக்கு நாலு நாளா தலைவலி.”

“அது சரி. அப்புறம்?”

பதினேழு.

எரிச்சல் தரும் வார்த்தைகளுக்கு ஷீலாவிடம் ஒரு பட்டியலே இருந்தது. முதலாளி சொல்லும் ‘தோ மினிட்’. அந்த இரண்டு நிமிடம் மதியச் சாப்பாட்டு நேரத்தை முழுசாக விழுங்கிவிடும். பக்கத்து வீட்டுச் செல்வமேரி அக்கா சொல்லும் ‘நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதே’. அதற்குப் பிறகு வருவதைத் தப்பாக நினைக்காமலிருக்க ஒருவர் புனிதராகப் பிறந்திருக்க வேண்டும். பஸ் கண்டக்டரின் ‘புடே சலா, புடே சலா’. முன்னால் போ, முன்னால் போ. முன்னால் எங்கே இடமிருக்கிறது என்பதை மட்டும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஒரு நாளில் ஷீலாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லப்படும் வார்த்தைகளைக் கூட்டினால் பாதிக்குமேல் கண்டக்டருடையவைதான். அதனால் அவரை மன்னித்திருந்தாள்.

பட்டியலின் முதலிடம் அப்பாவுக்கு.

அப்பா தங்கராஜ் முப்பத்தோரு வருடம் பூனாவில் ஃபோர்ஜிங் ஷாப்பில் வேலை பார்த்தவர். பழுக்கக் காய்ந்த இரும்பை ஹாமர் அடிக்க, பக்கத்தில் நின்று திருப்பிக் கொடுக்கிற வேலை. அம்மா போனதும் தூத்துக்குடியில் தன் அப்பா விட்டுப்போன வீட்டுக்குக் குடிபோய்விட்டார். நாற்பத்தொரு வயது ஷீலா பூனாவில் கசார்வாடியிலேயே தங்கிவிட்டாள். ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் பார்ட்ஸுக்கு லேபிள் ஒட்டி அனுப்பும் வேலை. போன கிறிஸ்துமஸுக்கும் அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கும் முதலாளி லீவு தரவில்லை. தமிழ் பேச வருமே தவிர எழுத வராது, அதனால் கடிதமும் இல்லை. அப்பாவிடம் இருந்தது பட்டன் போன். அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு மட்டும் உயிர்பெறும். மற்ற நாள்களில் இவள் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓயும். பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார் என்று ஷீலா முடிவு செய்திருந்தாள்.

வாரத்துக்கு ஒரு தடவை. வாய் நிறையத் தமிழ் பேச அவளுக்கு அதுதான் நேரம்.

“சாப்டீங்களாப்பா?” என்று ஆரம்பிப்பாள்.

“சாப்ட்டேம்மா. இட்லி.”

“மாத்திரை போட்டீங்களா?”

“போட்டாச்சு.”

“அங்க மழையா?”

“மழையெல்லாம் இல்ல.”

சில ஞாயிறுகளில் மாத்திரையைப் பற்றி அவள் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிடும். அதோடு அவர் பங்கு முடிந்தது. மீதி நேரம் முழுக்க ‘அப்புறம்?’, ‘அது சரி’, ‘அப்படியா’, ‘பாத்துக்கலாம்’. வாடகைக்கு எடுத்த நான்கு வார்த்தைகளை வைத்துக் குடித்தனம் நடத்துகிறவர்போல.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். கட்டில் விஷயம்தான் பொறுக்கவில்லை.

அவளுடையது ஒரு அறை, ஒரு சமையலறை. மூன்று மாதத்துக்கு முன் ஜன்னலோரம் இன்னொரு கட்டில் வாங்கிப் போட்டாள். அதன் பிறகு நான்கு ஞாயிறுகளில், தொண்டையைச் செருமிக்கொண்டு, “தனியா எதுக்குப்பா அங்க? இங்க வந்துடுங்களேன். உங்களுக்குக் கட்டில்கூடப் போட்டுட்டேன்,” என்று சொன்னாள். நான்கு முறையும் ஒரே பதில்.

“பாத்துக்கலாம்மா. அப்புறம்?”

கட்டிலில் இப்போது துவைத்த துணிகள் படுத்திருந்தன.

அடுத்த ஞாயிறு ஷீலா ஒரு வைத்தியம் செய்து பார்த்தாள். அவர் ‘அப்புறம்?’ என்றதும் வாயை இறுக மூடிக்கொண்டாள். ‘ஏம்மா பேசல?’ என்று கேட்டே தீர வேண்டும். அரை நிமிடம் ஓடியது.

“அப்படியா,” என்றார் அப்பா.

“என்ன அப்படியா? நான் ஒண்ணுமே சொல்லலியே!”

“அது சரி. அப்புறம்?”

திங்கட்கிழமை டீ நேரத்தில், கூட வேலை செய்யும் ஷபானாவிடம் இதைச் சொல்லி அழாத குறை. ஷபானா வடாபாவை மென்றுகொண்டே இந்தியில் தீர்ப்புச் சொன்னாள்.

“பேப்பர் படிச்சுக்கிட்டே பேசறார். எங்க வீட்டுக்காரரும் இதே கேஸ்தான். ஒரு குண்டு போடு.”

“என்ன குண்டு?”

“கல்யாணம் நிச்சயமாயிருக்குன்னு சொல்லு. எந்த அப்பாவும் ஆடாம இருக்கமாட்டார்.”

ஞாயிறு வந்தது. இட்லி, மாத்திரை, மழை முடிந்தது. லைன் வேறு கரகரத்தது. ஷீலா ஜன்னலுக்குப் போய் உரக்கக் கத்தினாள்.

“அப்பா! எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு!”

“அப்படியா. அப்புறம்?”

ஷீலாவுக்குக் காது சுட்டது. “மாப்பிள்ளை சர்க்கஸ்ல இருக்கார்!”

“அது சரி.”

“சிங்கத்தோட வேலை!”

“பாத்துக்கலாம்மா. அப்புறம்?”

அப்பா ஆடவில்லை. ஆடியது பக்கத்து வீடு. நடுவில் இருந்த சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். மத்தியானம் கதவைத் திறந்தால், செல்வமேரி அக்காவும் ஜெபக்கூட்டத்துப் பெண்கள் ஐந்து பேரும் பேடா இனிப்பு டப்பாவோடு நின்றார்கள்.

“எங்ககிட்ட மறைச்சிட்டியே!” என்று செல்வமேரி அக்கா உள்ளே வந்து, துணிகளைத் தள்ளிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். கட்டில் முனகியது. “நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதே ஷீலா. உன் வயசுக்குச் சர்க்கஸே ஜாஸ்திதான்.”

“அக்கா, அது வந்து...”

“காசா பணமா கேக்கப்போறோம்? ஆள் எப்படி? போட்டோ தாயேன்.”

“போட்டோ இல்ல.”

“சிங்கத்தோடவாவது ஒண்ணு இருக்கும்ல?”

அப்பாவை வம்புக்கு இழுக்கச் சொன்ன பொய் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் டீ போட்டாள், அதைக் குடித்தார்கள், மேலும் கேட்டார்கள். இத்தனை கேள்விகளை அவளிடம் யாரும் ஒரே நாளில் கேட்டதில்லை. மாப்பிள்ளைக்குப் பெயர்கூட வைத்துவிட்டாள்: மாடசாமி. அவர்கள் போனபிறகு ஆறு டம்ளர்களையும் நிதானமாகக் கழுவினாள். கழுவியதையே இன்னொரு முறை கழுவினாள்.

புதன்கிழமை விபரீதமாகிவிட்டது. ஜெபக்கூட்டத்தில் மாடசாமிக்காக நன்றி ஜெபம் சொல்லி, கல்யாணப் புடவை எடுக்க எந்தக் கடை என்பதுவரை போய்விட்டார்கள். ஷீலா எழுந்து நின்று, “நின்னுபோச்சு,” என்றாள்.

“ஐயோ!” செல்வமேரி அக்கா நெஞ்சில் கைவைத்தாள். “சிங்கம் ஏதாவது பண்ணிடுச்சா?”

“இல்லக்கா. ஒத்துவரல.”

இந்தத் தடவை அவளுக்காக எல்லோரும் அழுதார்கள். பிறக்கவே பிறக்காத மாடசாமிக்காக ஷீலாவும் அழவேண்டியதாயிற்று. அழ ஆரம்பித்தபின் அது மாடசாமிக்கான அழுகையாக இல்லை என்பதும், சட்டென்று நிற்காது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அதன் பிறகு தெருவில் அவளைப் பார்த்தால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். செல்வமேரி அக்காகூட ‘தப்பா நெனைக்காதே’ சொல்வதை நிறுத்திவிட்டாள்.

எல்லாம் அந்த ஒரு வார்த்தையால் வந்த வினை.

அடுத்த ஞாயிறு பத்தரைக்கு ஷீலா தயாராக இருந்தாள். இட்லியைக் கேட்கவில்லை, மழையைக் கேட்கவில்லை.

“அப்பா, கடைசியா சொல்றேன். இனிமே ஒரே ஒரு தடவை அப்புறம்னு சொன்னீங்க, போனை வச்சிடுவேன்.”

“சாப்ட்டேம்மா. இட்லி.”

“நான் கேக்கவே இல்லயே! இங்க வருவீங்களா மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க!”

“போட்டாச்சு. மழையெல்லாம் இல்ல. அப்புறம்?”

வைத்துவிட்டாள். பத்து நொடியில் போன் அடித்தது.

“லைன் கட்டாயிட்டும்மா. அப்புறம்?”

வைத்தாள். அடித்தது.

“இந்தப் போனுக்கு என்னமோ கேடு. அப்புறம்?”

ஆறு தடவை வைத்தாள். ஆறு தடவை அடித்தது. ஏழாவது தடவை அடிக்கவில்லை. ஷீலா போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அந்த நிமிடம் முடிந்ததும் பசித்தது.

அதற்கடுத்த ஞாயிறு பத்தரை வந்தது. போன் வரவில்லை.

பதினொன்று ஆயிற்று. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. ஷபானாவைக் கூப்பிட்டு, தன் நம்பருக்குக் கூப்பிடச் சொன்னாள். போன் ஒழுங்காக அடித்தது. அப்பாவைக் கூப்பிட்டாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. திங்கள், செவ்வாய், புதன், எல்லா நாளும் போய்க்கொண்டே இருந்தது.

பஸ்ஸில் கண்டக்டர் “புடே சலா” என்றபோது, “எங்க போறது?” என்று தமிழில் கேட்டுவிட்டாள். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டிக்கெட் கிழித்தார்.

வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் ஷபானா அவள் முகத்தைப் பார்த்தாள். வடாபாவில் பாதியைப் பிய்த்து நீட்டினாள். பிறகு, கூச்சத்தோடு, மனப்பாடம் பண்ணிவந்த பிள்ளைபோல, கேட்டாள்.

“அப்ரம்?”

ஷீலா சிரித்தாள். சொல்ல வாயைத் திறந்தாள். நீட்டிய வடாபாவை வாங்கி அதில் போட்டுக்கொண்டாள். புது மிஷின், தலைவலி, கிழிந்த மழைக்கோட்டு, ஜன்னலில் கூடு கட்டிய புறா, இதையெல்லாம் யாரிடமும் சொல்வதில்லை. ‘அப்புறம்?’ என்று கேட்கிற ஒருவரிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவைத் தவிர வேறு யாரும் அவளிடம் மேலே சொல் என்று கேட்டதில்லை.

ஞாயிறு காலை கோயிலிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். கட்டிலில் இருந்த துணிகளை மடித்து எடுத்தாள். மெத்தையைத் தட்டினாள். பத்தரைக்குப் போன் அடித்தது. அப்பா நம்பர்.

“அப்பா! சாப்டீங்களாப்பா?”

“அக்கா, நான் தீபா பேசுதேன். தங்கராஜ் மாமா வீட்டுக்கு அடுத்த வீடு.” ஒரு பெண் குரல். “நல்லாருக்கீங்களா?”

ஷீலா போனைக் காதோடு அழுத்தினாள். “அப்பாவுக்கு என்ன?”

“ஒண்ணுமில்லக்கா, நல்லாத்தான் இருக்காவ. இந்தா, எதுக்க உக்காந்து என் வாயவே பாத்துக்கிட்டிருக்காவ. போன்தான் ரிப்பேர்னு ரெண்டு வாரமா மூணு கடை ஏறி எறங்கிட்டாவ. எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்லுதாவ, இவுக நம்ப மாட்டேங்காவ. அதான் நான் போட்டுப் பாத்தேன். லைன் நல்லாத்தானக்கா இருக்கு?”

“லைன் நல்லாத்தான் இருக்கு. நான்தான் கட் பண்ணினேன்.”

“நீங்களாக்கா? ஏன்?”

மூன்று மாதம் அடக்கி வைத்திருந்தது முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் கொட்டியது. “பின்ன என்ன தீபா? இங்க வந்து என்கூட இருங்கன்னு கெஞ்சறேன். கட்டில் வாங்கிப் போட்டேன்னு சொல்றேன். கல்யாணம்னு சொல்றேன், சிங்கம்னு சொல்றேன். எதுக்கும் அப்புறம், அப்புறம். நான் பேசறது அவருக்கு அவ்வளவு போரடிக்குதுன்னா எதுக்கு வாராவாரம் போன் பண்றார்? அவர்கிட்டயே கேட்டுச் சொல்லு.”

மறுமுனையில், பின்னாலிருந்து, அப்பாவின் குரல், ஹாமர் ஷாப்பில் கத்துவதுபோல, பெரிதாகக் கேட்டது: “செகண்டு ஓடுதா தீபா? ஓடுதா?”

“என்னக்கா சொல்லுதீங்க, ஒங்களுக்குத் தெரியாதா?” என்றாள் தீபா. “மாமாவுக்குக் காது சுத்தமா அடைச்சு ரெண்டு வருசமாவுது, போன் திரையில அந்தச் செகண்டு ஓடுத வரைக்கும் மவ பேசிக்கிட்டிருக்கான்னு அதையே பாத்துக்கிட்டு இருப்பாவ, அது நின்னுரக் கூடாதுன்னுதான் நடுநடுவுல ‘அப்புறம்’னு சொல்லுதாவ.”