ஏரி நடுவே முயல் வீடு

ஒரு காட்டில், அங்கே கணினி வந்து சேர்ந்த பிறகு, பூவாத்தாள் என்றொரு முயல் தன் நான்கு குட்டிகளோடு வசித்து வந்தது. அதற்கு முன்பும் அங்கேதான் வசித்தது. பதிவு இல்லாததால் அதைக் கதையில் சேர்க்க முடியாது.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. மிச்சமிருந்தது ஒரே ஒரு ஏரி. குடிநீர் அட்டை உள்ளவர்கள் மட்டுமே அதில் வாய் வைக்கலாம், காட்டு வரைபடத்தில் தரையில் வீடு உள்ளவர்களுக்கு மட்டுமே அட்டை என்று சிங்கராஜா ஆணையிட்டார். மற்றவர்களை விரட்டக் கரையில் இரண்டு ஓநாய்கள் நின்றன. பூவாத்தாளின் பெயர் பட்டியலில் இல்லை. குட்டிகள் கோரைக் கிழங்கைச் சப்பிக்கொண்டு கிடந்தன.

முயல் வரைபட அலுவலகத்துக்குப் போனது. அங்கே நல்லசிவம் என்ற நரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க சார், எனக்கு அட்டை வரலீங்க."

"பூவாத்தாள், முயல், அஞ்சு பேர். உங்க வீடு ஏரிக்குள்ள இருக்குதேம்மா. தண்ணிக்குள்ள குடியிருக்கறவங்களுக்கு எதுக்குக் குடிநீர் அட்டை?"

"நான் மூங்கில் புதருக்கடியில இருக்கறனுங்க. எனக்கு நீச்சலே தெரியாதுங்க."

"அதைக் குடி போறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

நடந்தது இதுதான். வீடு வீடாகப் போய், வாசலில் நின்று கருவியின் பொத்தானை அழுத்தும் வேலை ஒரு குரங்கிடம் இருந்தது. மூங்கில் புதருக்குள் சிக்னல் கிடைக்கவில்லை. குரங்கு சிக்னல் தேடித் தேடி, கடைசியில் ஏரி நடுவிலிருந்த பாறைக்குத் தாவியது. அங்கே வானம் திறந்து கிடந்தது, சிக்னல் பிரமாதம். அங்கிருந்து முயல் வீட்டை நன்றாகப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தியது. கருவி தான் நிற்கும் இடத்தையே வீடென்று பதியும்; அதனால் வீடு பாறைமேல் பதிவானது. காட்டிலேயே மிகத் துல்லியமான பதிவு அதுதான் என்று குரங்குக்குப் பாராட்டுப் பத்திரமும் கொடுத்தார்கள்.

முயல் மனுக் கொடுத்தது. கள ஆய்வுக்கு ஓர் ஆமை அனுப்பப்பட்டது. ஆமை வரைபடத்தைப் பார்த்து, நான்கு நாள் நடந்து, நீந்தி, சரியாக ஏரி நடுப் பாறைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

"இங்க இருக்கறனுங்க," என்று கரையிலிருந்து முயல் கத்தியது.

"கொஞ்சம் அமைதியா இரும்மா, ஆய்வு நடக்குது," என்றது ஆமை. பிறகு, 'சம்பவ இடத்தில் ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு திரும்பியது.

எனக்கு இந்த இடத்தில் ஆமைமேல் ஆத்திரம் வருகிறது. ஆனால் அது ஒரு விதியையும் மீறவில்லை. ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

முயல் மறுபடி நரியிடம் போனது. "சின்னவன் எந்திரிக்க மாட்டேங்கறானுங்க," என்றது.

நரிக்கு இரக்கம் வந்தது. மெய்யாகவே வந்தது.

"இத பாரும்மா. வரைபடங்கறது இட்லித் தட்டு மாதிரி. வீடெல்லாம் ஒரு தட்டு, பாதை ஒரு தட்டு, ஏரி ஒரு தட்டு. அடுக்கி வச்சாத்தான் காடு. வீட்டுத் தட்டை ராஜா திறந்து வச்சுட்டார், அதனால பூட்டியாச்சு. உங்க புள்ளிய அசைக்க முடியாது."

"ஏரித் தட்டுங்க?"

"அதைப் பூட்டணும்னு யாருக்கும் தோணல," என்றது நரி. சொல்லிவிட்டு அதுவே சற்று யோசித்தது.

முதலில் பாறையைச் சுற்றி ஒரு சின்னத் தீவு வரைந்தது. 'வீட்டுக்குப் பாதை எங்கே?' என்று கணினி சிவப்பாகக் கேட்டது. அதனால் ஏரியின் எல்லையையே பாறைக்கு அப்பால் இழுத்துவிட்டது. வளைவு நெளிவாக வரைந்தால் நூறு முறை அழுத்த வேண்டும். நேராக வரைந்தால் நான்கு முறை போதும். ஏரி ஒரு மூலையில் சின்னக் கட்டமாகி நின்றது. சிவப்பு மறைந்தது. அட்டை அச்சாகி வந்தது.

"திங்கக்கிழமையில இருந்து செல்லும்."

பூவாத்தாள் நரியின் காலில் விழுந்தது. "ஏரி அது பாட்டுக்கு அங்கதான கிடக்கப்போவுதுங்க," என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டது.

சனிக்கிழமை சிங்கராஜா வரைபடத்தோடு உலா வந்தார். "தரை என்று போட்டிருக்கும் இடத்தில் தண்ணீர் நிற்கிறதே?" என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால் நரிக்கு வேலை போகும். "ஆக்கிரமிப்புங்க ராஜா," என்றது.

ஆக்கிரமிப்பை அகற்ற ஆறு யானைகள் வந்தன. இரண்டு நாளில் மண் கொட்டி மிதித்துச் சமன் செய்தன. மூலையில் மிஞ்சிய குட்டையை, வேலை செய்த களைப்பில் அவையே குடித்துத் தீர்த்தன. மீன்களின் முகவரி தரைக்கு மாறிவிட்டதால், விதிப்படி அவற்றுக்கும் குடிநீர் அட்டை வழங்கப்பட்டது.

திங்கட்கிழமை பூவாத்தாள் மூன்று குட்டிகளை நடத்திக்கொண்டு, சின்னதை முதுகில் போட்டுக்கொண்டு வந்தது. ஓநாய்கள் அட்டையைப் பார்த்து மரியாதையாக வழிவிட்டன. எதிரே செம்மண் தரை. மூத்த குட்டி அட்டையை நக்கிப் பார்த்தது.

அங்கே நரி கோப்போடு நின்றது.

"சார், தண்ணீங்க?"

"அட்டையில பேரு சரியா இருக்குதாம்மா?"

"இருக்குதுங்க."

"வீடு தரையிலதான இருக்குது?"

"தரையிலதானுங்க."

"அப்ப மனு முடிஞ்சுது," என்று நரி கோப்பை மூடியது. முயலின் முகத்தை அது பார்க்கவில்லை.

பூவாத்தாள் சின்னக் குட்டியை இறக்கிவிட்டது. காலையிலிருந்தே அது அசையவில்லை. புது மண் இளகிக் கிடந்ததால், குழி தோண்ட அதிக நேரம் ஆகவில்லை.

நீதி: பிழை திருத்தப் புகுந்தால், மனுக் கொடுக்கத் தெரியாத ஒன்றாகப் பார்த்துத் திருத்துக.